ஜூலை 1914 போர்டு கேம்: கடைசியில் போர் மூண்டது

முதல் உலகப் போருக்கு இட்டுச்சென்ற 1914 ஜூலை நெருக்கடியை வைத்து நான் செய்துகொண்டிருக்கும் விளையாட்டில் போன வாரம் முதல்முறையாகப் போர் மூண்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இவ்வளவு நாளும் ஐரோப்பா அமைதியாகவே இருந்ததுதான் என் தலைவலி. வியன்னா (ஆஸ்திரியா-ஹங்கேரி), பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் (ரஷ்யா), பாரிஸ், லண்டன் என்று ஆளுக்கொரு வல்லரசாக ஐந்து பேர் உட்காருவார்கள். ஜூலை 26 சுற்றில் லண்டன் மாநாட்டு அட்டையை இறக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆட்டம் முடிந்துவிடும். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே நிஜத்திலும் அன்றுதான் நான்கு வல்லரசுகளின் மாநாட்டை முன்மொழிந்தார், பெர்லின் ஏற்கவில்லை. ஆனால் மேசையில் பெர்லினாக உட்காருகிறவருக்கு அடுத்த நான்கு வருடம் என்ன நடக்கும் என்று தெரியும். அவர் எதற்கு மறுப்பார்?

வெற்றிப் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. வியன்னாவுக்கு மட்டும் செர்பியாவை அடித்தால்தான் புள்ளி. இதை நான் மாற்றப்போவதில்லை. ரயில் அட்டவணைகள்தான் போரை மூட்டின என்று சொல்லி வியன்னாவைத் தப்பவிடும் விளையாட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஜூன் 28இல் சாராயேவோவில் ஆஸ்திரிய பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொலை. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் வியன்னாவின் இறுதி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது ஜூலை 23 மாலை 6 மணிக்கு. நடுவே 25 நாள். அறுவடைக்கு விடுப்பில் போன சிப்பாய்கள் திரும்ப வேண்டும், ரஷ்யாவுக்கு விருந்தினராக வந்திருந்த பிரெஞ்சு அதிபர் புவான்காரே கப்பல் ஏற வேண்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். செர்பியா ஏற்கவே கூடாது என்று எழுதிய கடிதம் அது. அந்த நோக்கம் வியன்னா வீரரின் கையில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, மாற்றம் எங்கே வந்தது என்றால், தந்தித் தடத்தில். முன்பு ஒருவர் பேசினால் மற்றவர் உடனே கேட்டுக்கொள்வார். இப்போது மேசையில் பேச்சே கிடையாது. செய்தியைச் சீட்டில் எழுதி, கவரில் போட்டு, தடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தலைநகருக்கும் நடுவே மூன்று கட்டங்கள்: சங்கேதமாக்குவது, கம்பியில் போவது, சங்கேதத்தைப் பிரிப்பது. ஒரு நாளுக்குக் காலை, மாலை, இரவு என்று மூன்று சுற்று. ஒரு சுற்றுக்குக் கவர் ஒரு கட்டம் நகரும். ஆக, காலையில் எழுதியதை மறுநாள் காலையில்தான் பிரிக்கலாம். பாரிஸுக்கு இன்னும் கஷ்டம். ஜூலை 29 வரை புவான்காரேயும் பிரதமர் விவியானியும் கடலில் இருந்ததால் அதுவரை கட்டங்கள் இரட்டிப்பு.

இதைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவரத்தான் அதிக நாள் பிடித்தது. ஐந்து கட்டம் வைத்தால் ஒருவர் செய்வதற்கும் இன்னொருவர் செய்வதற்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. இரண்டு வைத்தால் மறுபடியும் சமாதானம். மூன்றில்தான் அந்தப் பதற்றம் வருகிறது: பதில் வரும் என்று தெரியும், ஆனால் அது வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

போன வாரம் நடந்ததைப் பாருங்கள். செர்பியாவின் பதிலைப் படித்த பெர்லின், 'பெல்கிரேடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று வியன்னாவுக்கு ஒரு கவர் அனுப்பினார். அது இரண்டாவது கட்டத்தில் இருக்கும்போதே வியன்னா போர்ப் பிரகடன அட்டையைத் திருப்பிவிட்டார். நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜெர்மன் பேரரசர் கைசர் வில்லியம் ஜூலை 28 காலையில் செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, போருக்கான காரணம் எல்லாம் போய்விட்டது என்று குறித்து வைத்தார். அன்றைக்கே பகல் 11 மணிவாக்கில் வியன்னா போரை அறிவித்துவிட்டது, அதுவும் தந்தியில். மறுநாள் நள்ளிரவுக்குப் பிறகு கைசரும் ரஷ்யப் பேரரசர் ஜாரும் ஒருவருக்கொருவர் அனுப்பிய முதல் தந்திகளும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயின. நான் எந்த நிகழ்ச்சி அட்டையும் வைக்காமலே மேசையில் இதெல்லாம் தானாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் கவர் தடத்தில் அடங்காது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நாணயம் ஒட்டாத மொய்க்கவர் மொத்தமாகக் கிடைக்கிறது, அளவு கச்சிதம். அட்டைகளை 300 ஜிஎஸ்எம்மில் அச்சிட்டுக் கொடுத்த இடத்தில்தான் டை கட்டிங் ஓரம் பிசிறாக வந்தது. கேட்டால் 'இவ்வளவுதான் சார் வரும்' என்கிறார்கள். அடுத்த முறை சிவகாசியில் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

படைதிரட்டல் பலகை இன்னும் பாதியில் நிற்கிறது. ரஷ்யப் பக்கம் முடிந்தது. கீவ், ஒடெஸ்ஸா, மாஸ்கோ, கசான் என்று நான்கு ராணுவ வட்டாரங்களை மட்டும் திரட்டலாம், ஆனால் அப்படிச் செய்தால் பின்னால் முழுத் திரட்டலுக்குக் கூடுதல் சுற்று பிடிக்கும். ஜார் 29ஆம் தேதி இரவு முழுத் திரட்டலை நிறுத்திவிட்டு மறுநாள் மாலை மறுபடி கையெழுத்திட்டது ஏன் என்று இந்த விதியை ஆடினால் புரியும்.

ஜெர்மன் பக்கத்துக்கு ஒரு விதி மனதில் இருக்கிறது. படைதிரட்டத் தொடங்கியதும் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைப் பிடித்தாக வேண்டும் என்பது ஜெர்மன் படைத் தலைமை அதிகாரி மோல்ட்கேயின் திட்டம். சான்சலர் பெத்மன் ஹோல்வெக்குக்கே அது ஜூலை கடைசியில்தான் தெரியவந்தது. அதனால் லியேஜ் அட்டையைப் பெர்லின் பலகைக்கு அடியில் கவிழ்த்து வைக்கப்போகிறேன். படைதிரட்டும்போதுதான் அவரே எடுத்துப் பார்க்கலாம். பெல்ஜியத்துக்குள் நுழைந்தால் பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கும் 1839 ஒப்பந்த அட்டை லண்டன் கைக்குப் போகும். புதிதாக வருகிறவருக்கு இது பெரிய அடி. தெரிந்தவருக்கும் திட்டத்தை மாற்ற வழியில்லாதபடி விதி இருக்க வேண்டும். ஆகஸ்ட் 1 மாலை படையைக் கிழக்கே திருப்பச் சொன்ன கைசருக்கே மோல்ட்கே முடியாது என்றுதான் சொன்னார்.

இதற்கு நடுவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை வைத்துத் தனியாக ஆடும் சின்ன விளையாட்டு ஒன்றும் வரைய ஆரம்பித்திருக்கிறேன். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளில் தொடங்கி, நவம்பர் 9 கோகோஸ் தீவு வரைக்கும். வரைபடம் முடிந்தது, நிலக்கரி விதி பாக்கி.

இத்தாலிக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு 1882 கூட்டணியில் இருந்துகொண்டே அது நடுநிலை என்று ஒதுங்கியது. அட்டையாக வைத்தால் சப்பென்று இருக்கிறது. ஆறாவது ஆளாக வைத்தால் ஆகஸ்ட் வரைக்கும் அவருக்கு வேலையில்லை. இரு பக்கத்துக் கவர்களையும் பிரித்துப் படிக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஆறு பேர் சேர்ந்ததும் அடுத்த சோதனை ஆட்டம் (ப்ளேடெஸ்ட்).