டகோட்டா மாஸ்டரின் பிளேட்

மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோதெல்லாம் சாட்டுச் சொல்லித் தப்பினேன். போன மாதம் டகோட்டா மாஸ்டர் காலமானார். இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது.

அவருடைய சொந்தப் பெயர் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. சித்திர பாடத்தின் நடுவே பலாலி விமானத்தளப் பக்கம் டகோட்டா விமானத்தின் இரைச்சல் கேட்டால், சோக்கட்டியை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய்விடுவார். சனிக்கிழமைகளில் எங்களில் ஒருவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பலாலிக்கே போவார். எயார் சிலோனின் முதல் பறப்பு, 1947 டிசம்பர் 10இல், இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் என்று வழியெல்லாம் சொல்லுவார். எங்கள் காலத்தில் அவ்ரோ விமானமும் வரத் தொடங்கியிருந்தது. மூக்குக்குக் கீழே ஒரு சில்லை வைத்துக்கொண்டு அது மட்டமாக நிற்கும். டகோட்டாவோ வாலைத் தரையில் ஊன்றி மூக்கை நிமிர்த்தி நிற்கும். மாஸ்டர் அவ்ரோவை மதித்ததே இல்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு டகோட்டா மாதிரி செய்ய வேண்டும், ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில். உண்மையான இறக்கை நுனிக்கு நுனி 95 அடி. எங்களுடையது 24 அங்குலத்துக்குக் கால் குறைய. பிரிஸ்டல் போட் என்ற தடித்த மட்டையும், மயில்துத்தம் போட்ட கோதுமை மாப் பசையும்தான் மூலப்பொருள். உடலை ஒரே குழாயாகச் சுருட்ட விடமாட்டார். வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு பொருத்திலும் உள்ளே ஒரு மட்டைத் தட்டு வைக்க வேண்டும். மூக்கை தோடம்பழச் சுளை போல இதழ் இதழாகக் கூட்ட வேண்டும். மட்டையின் நார் ஓடும் திசை பார்க்காமல் வளைத்தால் முறியும். மடிக்கும் கோட்டை மை வற்றிய பேனாவால் கீறி, வெட்டு விளிம்பின் வெள்ளை தெரியாமல் பென்சிலால் தேய்க்க வேண்டும். இத்தனையும் சொன்னவர் இறக்கைக்குள் என்ன வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

கண்காட்சியன்று, மண்டபம் நிறையச் சனம். பக்கத்துப் பள்ளிப் பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மாஸ்டர் என் டகோட்டாவைத் தூக்கி, பிளேட்டால் இறக்கையை நீளத்துக்குக் கிழித்தார்.

“உள்ளுக்கை ஒண்டும் இல்லை. இது பிளேன் இல்லையடா, பலூன்.”

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பலூன் என்ற பெயர் அடங்கவே இல்லை. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவிலும் நம் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அன்று பின்னேரம் சித்திர அறையில் என்னை இருத்தி, இறக்கைக்குள் நெடுஞ்சட்டமும் குறுக்கு விலாக்களும் வைத்து அவரே ஒட்டினார். மேலே ஒரு கொப்பியை வைத்தார், தாங்கியது. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்து மாஸ்டர்மார் கேட்கமாட்டார்கள் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் என்ன பெருமையோ எனக்கு விளங்குவதில்லை.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டது யாழ்தேவி ரயிலில். கடல் கடந்தது ஜெட்டில். டகோட்டாவில் ஏறவே இல்லை. பல வருடம் கழித்து ஹமில்ட்டன் விமான அருங்காட்சியகத்தில் ஒன்றின் இறக்கைக்குக் கீழே நின்றேன். உள்ளே சட்டமும் விலாவும் நெருக்கமாகக் கோத்த அறை அறையான கட்டு. 1935இல் முதலில் பறந்த வகை இன்னும் சில இடங்களில் பறப்பதற்கு அந்த உட்கட்டும் ஒரு காரணம். மனிதர் சொன்னது சரிதான். பிளேட்டைத்தான் மண்டபத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டாம்.

1990இல் போரினால் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் வெறிச்சோடின. பிளேன் பார்க்கச் சைக்கிள் மிதித்தவரின் வீடும் வளவும் விமானத்தளத்தின் வேலிக்குள் போயின. பொருளாதாரத் தடைக் காலத்தில், பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சான நாட்களில், அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிஸ்டல் போட் கிடையாது, பெடியளுக்குச் சவர்க்காரப் பெட்டி மட்டையில் சொல்லிக்கொடுக்கிறன் என்று எழுதியிருந்தார். காசு வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. கனடாவில் டகோட்டா இன்னும் பறக்குதாமே, ஏறினியோ என்று மட்டும் கேட்டிருந்தார்.

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். வரத் தொடங்கியது. அதுவும் காற்றாடி விமானம்தான். மாஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு, “மூக்குச் சில்லு” என்று மட்டும் சொல்லித் திரும்பினாராம். மோட்டார்சைக்கிளில் கூட்டிப்போனது பேரன். அவருடைய சைக்கிளில் ஏறிப் போன எங்களில் ஒருவரும் அப்போது ஊரில் இல்லை.