பயனடைந்தோர் எண்ணிக்கை

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வானொலி நிலையத்துக்கு ஒரு படிவம் வந்துவிடும். ஆண்டறிக்கைக்கான படிவம். எத்தனை மணி நேரம் ஒலிபரப்பினீர்கள், எத்தனை நிகழ்ச்சிகள் தயாரித்தீர்கள், எத்தனை தன்னார்வலர்கள் வந்து போனார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று நிற்கும். மற்றதையெல்லாம் அரை நாளில் எழுதிவிடலாம். அந்தக் கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும்.

எனக்கு முன்னால் இருந்தவர் என்ன எழுதினார் என்று பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, டவரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று கொடுத்த மக்கள்தொகைக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார். அதற்கு முந்தைய வருடமும் அதே எண். நடுவில் பிறந்த குழந்தை, செத்துப்போன தாத்தா, வீடு காலி செய்துகொண்டு போன குடும்பம் எதுவும் எங்கள் கணக்கைத் தொடவில்லை.

நான் வேலை பார்ப்பது சென்னையின் தெற்கு ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியில். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்பது பதவியின் பெயர். எடிட்டிங், மைக் ஸ்டாண்டுக்கு ஸ்குரூ முடுக்குவது, விருந்தினருக்குத் தண்ணீர் வாங்கி வருவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் நாள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், நாம ஏன் பெரிய எஃப்.எம். மாதிரி இல்ல?" தனியார் நிலையங்கள் பல ஆயிரம் வாட்டில் ஊர் முழுவதும் கேட்கின்றன. எங்களுக்குப் பொதுவாக அனுமதி 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடுவில் உயரமாக ஓர் அடுக்குமாடி வந்துவிட்டால் அதன் முதுகுப்பக்கம் உள்ள தெருவில் கரகரப்புதான்.

அந்த மாணவர்களுக்கு நான் கொஞ்சம் வரலாறும் சொல்வேன். அலைவரிசை என்பது பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்கள் சொந்தமாக வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4-இல் பேச ஆரம்பித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008-இல் தெலங்கானா கிராமப்பக்கம் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை வந்தது. இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சரி, பரவாயில்லை.

அவர்கள் நிமிர்ந்து உட்காருவது விதிகளைச் சொல்லும்போது. நாங்கள் செய்தி வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் குடிநீர், மின்சாரம், வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகள் செய்தியில் சேராது. தாராளமாகச் சொல்லலாம். எங்கள் பிழைப்பே அந்தச் சந்தில்தான் ஓடுகிறது.

காலை ஏழு மணி அறிவிப்பை நடத்துபவர் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் ஓர் அக்கா. எட்டாவது வரை படித்தவர். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியவர் என்பதால் நோட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். கன்சோல் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வரும் அழைப்பையெல்லாம் அதில் எழுதுவார். மாதிரிக்கு ஒரு பக்கம்: "7.10, பொம்பள, மூணாவது தெரு, லாரி இன்னும் வரல. 7.14, தாத்தா, பாட்டு கேட்டார், இல்லைன்னேன். 7.20, அதே பொம்பள, லாரி வந்துடுச்சாம்." மெட்ரோ வாட்டர் லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று அவர் வாசித்தால், குடத்தோடு தெருமுனையில் நிற்கிற நேரம் அரை மணியாவது மிச்சம் என்பார்கள். நகரம் முழுக்கக் கேட்கும் ஒரு நிலையம் மூன்றாவது தெருவின் லாரியைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் மற்ற லட்சம் பேரும் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள்.

அழைப்புகளின் முதல் பெரிய அலை 2023 ஜூலையில் வந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். மாதம் 1,000 ரூபாய். ரேஷன் கடை வழியாக டோக்கனும் படிவமும் வந்தன. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்திருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். ஒரு பேராசிரியரை அழைத்துத் திட்டத்தின் பொருளாதாரப் பின்னணியை விளக்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. செய்தோம். 28 நிமிடம் பேசினார். நல்ல பேச்சுதான். அன்று ஓர் அழைப்புகூட வரவில்லை.

மறுநாள் அக்கா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். வாசித்து, இந்தக் கட்டத்தில் இதை எழுதுங்க, இது தெரியலைன்னா கரண்ட் பில்லைப் பாருங்க என்று அவர் போக்கில் சொல்லிக்கொண்டு போனார். போன் ஓயவில்லை. ஒரு பெண் கேட்டார்: "எங்க வீட்ல ஒரே கார்டு. மாமியாரும் நானும் தனித்தனி அடுப்பு. யார் எழுதுறது?" அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார்: "கார்டுல குடும்பத் தலைவின்னு யார் இருக்காங்களோ அவங்கதாம்மா. கார்டு ஒண்ணுன்னா பணமும் ஒருத்தருக்குத்தான். அவங்க அடுப்பை எண்ண மாட்டாங்க." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்வது எப்படி என்று அதன்பிறகு இரண்டு வாரம் இதே வேலைதான்.

நடுவில் ஆகஸ்ட் 23. மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது ஸ்டுடியோவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று இயற்பியல் மாணவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஹாலில் கத்தல். யாரோ ஸ்டுடியோக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, மைக்கில் ஒரே இரைச்சல். அந்தப் பதிவை நான் சுத்தம் செய்யவே இல்லை. நிலவின் தென்துருவத்தில் உறைந்த நீர் இருக்கலாம் என்று மாணவர் விளக்கினார். ஒரு சிறுமி உடனே கேட்டாள்: "அங்கயும் லாரியில தருவாங்களா?"

இனி டிசம்பர். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மிக்ஜாம் புயல் மழை 3-ஆம் தேதி ஞாயிறு இரவு பிடித்து 4-ஆம் தேதி முழுக்கக் கொட்டியது. என் தெருவில் தொடையளவு தண்ணீர். நிலையத்துக்குப் போக வழியில்லை. ஞாயிறு மாலையே மூன்று நாளுக்கான நிகழ்ச்சிப் பட்டியலைக் கணினியில் போட்டுவிட்டு வந்திருந்தேன். விடுதியில் தங்கியிருந்த இரண்டு மாணவர்களிடம் சாவி இருந்தது. மேடையில் ஏற்றிவைத்த ஜெனரேட்டரும் இருந்தது. காலையில் அவர்கள் டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். கணினி தன் கடமையைச் செய்தது. பகல் பன்னிரண்டரைக்கு, மே மாத வெயிலில் நான் பதிவுசெய்த மாடித்தோட்ட நிகழ்ச்சியின் மறுஒலிபரப்பு போனது. என் குரல். "தொட்டியில் ஈரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அக்காவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கா மாடி வீட்டுக்காரரின் படிக்கட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அவருடைய பழைய பட்டன் போனில் இயர்போன் ஒயரைச் செருகினால் எஃப்.எம். கேட்கும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. புதிய செல்போன்கள் பலவற்றில் அந்த ஓட்டையே இல்லை. எஃப்.எம். வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று மத்திய அரசு அந்த வருடம் ஏப்ரலில்தான் தயாரிப்பாளர்களிடம் சொல்லியிருந்தது. எங்கேயாவது பால் கிடைக்கிறதா, முகாம் எங்கே என்று தெரிந்துகொள்ள அக்கா நம் நிலையத்தைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார். படிக்கட்டில் இருந்த எல்லாரும் காது கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் பார்த்தபோது அவர் திட்டவில்லை. "ஏன் தம்பி, நாங்க தண்ணிக்குள்ள நிக்கிறோம், நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றீங்க" என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொல்ல? ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதமும் அந்தப் பதிவு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. இரண்டு முறை போட்டுக் கேட்டேன்.

மாணவர்கள்தான் மானத்தைக் காப்பாற்றினார்கள். அன்று பிற்பகலே ஒருவன் பட்டியலை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்திருக்கிறான். எந்தப் பள்ளி முகாமாகத் திறந்திருக்கிறது என்று வளாகத்துக்கு வந்த மாநகராட்சி ஊழியரிடம் கேட்டு வாசித்திருக்கிறான். 5-ஆம் தேதி மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது டீசல் கையிருப்பு குறைவு. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, ஒவ்வொரு மணி நேரம், மாத்திரை கணக்காக ஒலிபரப்பினோம். எந்தக் கடைக்குப் பால் வந்திருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வடிந்திருக்கிறது, குடிநீரில் குளோரின் எவ்வளவு போட வேண்டும். பாட்டு கிடையாது, ஜிங்கிள் கிடையாது.

அன்று மாலை ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஏரிக்கரை உடைந்துவிட்டது, உடனே சொல்லுங்கள் என்றார். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அந்த ஒரு வாக்கியம் போதும், படிக்கட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். சொல்லாமல் விட்டு நிஜமாகவே உடைந்திருந்தால்? போன் யாருக்கும் போகவில்லை. ஏரி எங்கள் டவரிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஒரு மாணவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தள்ளிக்கொண்டு போனான் என்பதே சரி. மைக்கை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றான். "கரை அப்படியே இருக்கு சார். மேல ஆடு நிக்குது." ஆட்டையும் சேர்த்தே அறிவிப்பில் சொன்னோம். கரையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம் என்பதற்கு அந்த ஆடு சாட்சி. 100 வாட்டைப் பற்றி நான் குறைபட்டுக்கொள்வது அன்றோடு நின்றது. கேட்கிற தூரமும் சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரமும் எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

2024 பிப்ரவரி 13, 14 தேதிகளில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தென்மாநிலச் சமுதாய வானொலிகளின் கூட்டம் நடந்தது. நாட்டில் சமுதாய வானொலி வந்து 20 வருடம். விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தியிருக்கிறோம், அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாய் என்பதை 74 ஆக்கியிருக்கிறோம் என்று மத்திய அரசுத் தரப்பில் அறிவித்தார்கள். கைதட்டல். நல்ல விஷயம்தான். ஆனால் எங்களுக்கு அந்த 7 நிமிடமே ஒருநாளும் நிரம்பியதில்லை. எங்கள் நிரந்தர விளம்பரதாரர் ஒரு டியூஷன் சென்டர், அதுவும் தேர்வு முடிந்தால் காணாமல் போய்விடும்.

இப்படி ஏப்ரல் வந்தது, படிவமும் வந்தது. இந்தமுறை ஒழுங்காக எழுதுவோம் என்று அக்காவின் நீள நோட்டை வாங்கிவைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். சிக்கல் உடனே வந்தது. லாரி வரவில்லை என்றும் வந்துவிட்டது என்றும் இரண்டு முறை அழைத்த பெண் ஒருவரா, இருவரா? பாட்டு கேட்டு ஏமாந்த தாத்தா பயனடைந்தவரா? டிசம்பர் 4 முதல் 9 வரை நோட்டில் ஒரு வரியும் இல்லை. போனே வேலை செய்யவில்லை. எங்களை அதிகம் பேர் கேட்டிருக்கக்கூடிய வாரம் அதுதான், கணக்கில் அது வெறும் தாள். அக்காவிடம் கேட்டேன். "படிக்கட்டுல பதினோரு பேர் இருந்தோம். எழுதிக்கோ" என்றார்.

எண்ணைப் போடாமல், அழைப்பு நோட்டின் சில பக்கங்களை இணைத்து அனுப்பிப் பார்த்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தது. கடைசிக் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் 'எண் மட்டும்' என்று குறிப்பு.

பழைய கோப்பை எடுத்து, எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட அதே மக்கள்தொகை எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நோட்டை அக்கா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மறுநாள் ஐந்தாவது தெருவுக்கு லாரி நேரம் மாறியிருந்தது, அதை அதில்தான் எழுத வேண்டுமாம்.