வீட்டுக்காரர் இறந்தபின் எந்தக் காகிதம் முதலில்? வி.ஏ.ஓ. முதல் கலெக்டர் ஆபீஸ் வரை

சம்பாதிக்கும் ஆண் இறந்துபோன ஏழைக் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடிய உதவிகள் ஏழெட்டு இருக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. விதவை பென்ஷனுக்குத் தாலுகா ஆபீஸ், பிள்ளைகளின் மாத உதவிக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொழிலாளர் நல வாரியப் பணத்துக்குத் தொழிலாளர் அலுவலகம், காப்பீட்டுக்கு வங்கி. ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்று சொல்ல மாட்டார். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அதனால் என்னென்ன திட்டம் இருக்கிறது என்று விசாரித்துத் திரிவதைவிட, எந்தக் காகிதத்துக்குப் பிறகு எந்தக் காகிதம் என்று பிடிபட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். இப்படிப்பட்ட மனுக்களோடு கூடவே போய் வந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் தாய்க் காகிதம் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். கிராம ஊராட்சியில் வீட்டில் இறந்தால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்குள்ள சுகாதாரப் பிரிவு.

இங்கேதான் முதல் தடுமாற்றம். இறப்பு, ஆள் குடியிருந்த ஊரில் பதிவாகாது. உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவாகும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தால் ஊர் வி.ஏ.ஓ.விடம் எத்தனை முறை கேட்டாலும் சான்றிதழ் வராது. ஜிப்மரில் இறந்திருந்தால் அது புதுச்சேரிப் பதிவு, தமிழ்நாட்டுத் தளத்தில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. உடலை வாங்கும் போதே மருத்துவமனையில் "இறப்புப் பதிவு எங்கே ஆகும், யார் சான்றிதழ் தருவார்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பதற்றத்தில் பெயரையும் வாய்மொழியாகச் சொல்லக்கூடாது. இறந்தவரின் ஆதாரைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும். உறவினர் யாராவது வழக்கத்தில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, ஆதாரில் முருகேசன் என்றிருப்பவர் சான்றிதழில் முருகன் ஆகிவிட்டால், அடுத்து போகும் ஒவ்வொரு கவுன்டரிலும் அந்தக் காகிதம் திரும்பி வரும். திருத்தத்தை அதே பதிவாளர்தான் செய்ய முடியும், ஆதாரங்களோடு மனு கொடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கவனித்தால் சின்ன வேலை. பிறகு செய்தால் வெளியூருக்குப் பஸ் ஏற வேண்டிய வேலை.

இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் அச்சாகாது என்பதும் பலருக்குத் தெரியாது. விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் தனியாக வாங்கி வைக்க வேண்டும்.

அடுத்தது, யாரும் யோசிக்காத ஒன்று: இறந்தவரின் செல்போன் சிம். பல வீடுகளில் மனைவி, பிள்ளைகளின் ஆதாரும் இ-சேவையில் உருவாக்கிய கேன் எண்ணும் (மனு போடுபவருக்கான அடையாள எண்) அவருடைய செல் எண்ணில்தான் இணைந்திருக்கும். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் எண் போய்விடும்; அப்புறம் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றி, கேன் விவரத்தையும் மாற்றிய பிறகே எந்த மனுவும் நகரும். மாற்றி முடிக்கும் வரை அந்தச் சிம்முக்கு உயிர் இருக்கட்டும்.

தாலுகாவுக்குப் போகுமுன் வங்கி பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மே மாதக் கடைசி வாரம் அல்லது ஜூன் மாதத் தொடக்கத்தில் 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் கழிந்திருக்கிறதா? 436 என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய், 55 வயது வரை. 20 என்றால் சுரக்ஷா காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்குத் தொடங்கும் போது வங்கியில் கையெழுத்து வாங்கிச் சேர்த்திருப்பார்கள், வீட்டுக்குத் தெரிந்திருக்காது. கோரிக்கையை 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது. பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவையும் சுரக்ஷாவில் விபத்துதான். அவற்றுக்குப் போலீஸ் அறிக்கை இல்லாவிட்டாலும் உடனே சேர்த்த மருத்துவமனையின் பதிவு போதும். அதனால் தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். இதுவெல்லாம் தெரிவதற்கு முன் கணக்கிலுள்ள மிச்சப் பணத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டுப் பாஸ்புக்கைத் தொலைத்துவிடும் வீடுகள்தான் அதிகம்.

இனி தாலுகா. முதலில் வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் மனு செய்ய வேண்டும். கட்டணம் 60 ரூபாய். மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்ற படிகளில் ஏறும். மனைவி, பிள்ளைகள் மட்டுமல்லாமல் இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். மாமியாரோடு மனஸ்தாபம் என்று அவர் பெயரை விட்டுவிட்டு மனு போட்டால் வி.ஏ.ஓ. விசாரணையில் ஊரே சொல்லிவிடும், மனு தள்ளுபடியாகும். திருமணமாகிப் போன மகள் பெயருக்கும் இதே கதைதான்.

வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று பென்ஷன் மனுவை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. விதவை பென்ஷனுக்கு அடிப்படை: கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், புகைப்படம். இ-சேவைக் கட்டணம் 10 ரூபாய். 50, 100 கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீதில் மனு எண் இருக்கும், அதுதான் முக்கியம்.

இரண்டு திட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியம் 40 வயது நிரம்பிய, வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ள பெண்களுக்கு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாநில அரசினுடையது, 18 வயதிலிருந்தே உண்டு. 34 வயதுப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் முதல் திட்டத்தைத் தட்டிவிட்டால், "வயது குறைவு" என்ற ஒரே வரியோடு நிராகரித்துவிடுவார்கள். அவரோ தனக்குப் பென்ஷனே கிடையாது என்று எண்ணி வீட்டோடு இருந்துவிடுவார். மனுவை அனுப்புவதற்கு முன் திரையில் திட்டத்தின் பெயரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை இரண்டிலும் ஒன்றுதான். 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால் 2023 விதிப்படி அது நின்றுவிடும், ஒருவருக்கே இரண்டும் சேராது.

மனுவை முடிவு செய்பவர் பொதுவான தாசில்தார் அல்ல; சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். தாலுகா ஆபீஸ் வளாகத்திலேயே இவருக்குத் தனி அறை இருக்கும், போர்டு சின்னதாக இருக்கும். தவறான அறை வாசலில் காலை முழுக்க நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. முடிவு அவருடையதுதான் என்றாலும் அதற்கு அடித்தளம் போடுவது வி.ஏ.ஓ.வின் அறிக்கை. அவர் பார்ப்பது: மறுமணம் உண்டா, சொத்து எவ்வளவு, தாங்கிப் பிடிக்க ஆள் உண்டா. வயது வந்த மகன் இருந்தால் "மகன் ஆதரவில் வாழ்கிறார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. மகன் உண்மையில் தனிக்குடித்தனம் போய்விட்டிருந்தால் அவருக்குத் தனிக் குடும்ப அட்டை இருக்க வேண்டும். தாயின் அட்டையிலேயே அவர் பெயர் கிடந்தால் வாயால் சொல்வது எடுபடாது. ஆகவே பென்ஷன் மனுவுக்கு முன்பே குடும்ப அட்டையைச் சரி செய்வது நல்லது: இறந்தவர் பெயர் நீக்கம், குடும்பத் தலைவர் மாற்றம், தனியே போனவர் பெயர் நீக்கம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் இதைக் கொடுக்கலாம். ஆதரவற்ற பெண்ணைத் தலைவராகக் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டைக்கும் அங்கேயே மனு எழுதிக் கேளுங்கள். தானாக யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

இனிஷியல் தொல்லை நம் ஊருக்கே உரியது. பள்ளிச் சான்றில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பாஸ்புக்கில் இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போனால் வருடம் ஓடிவிடும். ஆதாரும் பாஸ்புக்கும் ஒத்துப்போனால் பணம் வர அது போதும். மற்றதற்கு "இருவரும் ஒருவரே" என்று வி.ஏ.ஓ. தரும் ஒரு கடிதத்தைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆணை வந்தும் பணம் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் கணக்குதான். வெகுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு ஒன்று. இன்னொன்று ஆதார் இணைப்பு: ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தார்களோ அங்கேதான் போய் விழும். குழுக் கடனுக்காக எப்போதோ தொடங்கிய வேறொரு கணக்கில் மாதா மாதம் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும், இவரோ பென்ஷன் வரவில்லை என்று தாலுகா வாசலில் நிற்பார். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் தளத்தில் பார்க்கலாம்.

இதே தனி தாசில்தார் அலுவலகத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய் தரும் தேசியக் குடும்ப நலத் திட்டம். பென்ஷன் மனு போட்டாலே இதுவும் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது, தனி மனு.

பிள்ளைகள் விஷயத்துக்குத் தாலுகாவில் பதில் கிடைக்காது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருக்கிறது, கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அருகிலோ இருக்கும். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் விதவைத் தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வருமானச் சான்றிதழ் வாங்கும் போதே இந்த வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்த கணவரின் கூலியையும் சேர்த்து வி.ஏ.ஓ. பழைய கணக்கில் எழுதிவிட்டால் வரம்பைத் தாண்டிவிடும். இப்போதைய வருமானத்தைத்தான் எழுத வேண்டும். தகுதி இருந்தும் நிதியைப் பொறுத்துக் காத்திருக்க நேரிடும், அதனால் சீக்கிரம் மனு கொடுத்து வைப்பது லாபம். அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தந்தை இறந்தது விபத்தில் என்றால், பள்ளிக்கல்வித் துறையின் 75,000 ரூபாய் நிதியும் உண்டு. பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடுவார்கள். இதற்கு வழி தலைமையாசிரியர். அவருக்கே நினைவூட்ட வேண்டியிருக்கலாம்.

இறந்தவர் கொத்தனார், பெயின்டர், ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர் என்றால் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவுங்கள். அட்டை கிடைக்காவிட்டால் கூட வேலை செய்தவரையோ சங்கத்துக்காரரையோ கேட்டால் பதிவு எண் கிடைக்கும். ஈமச்சடங்கு உதவியும் மரண உதவியும் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் சிக்கல்தான். இடைத்தரகர்கள் அதிகம் நடமாடும் இடமும் இதுதான். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவார்கள். மனுவுக்குப் பங்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

எங்காவது மனு நின்றுவிட்டால் முதலில் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் மனு எண்ணோடு புகார் பதியுங்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுக்கும் மனு சுற்றிக்கொண்டு அதே தனி தாசில்தாருக்குத்தான் வரும். எனவே "உதவி செய்யுங்கள் ஐயா" என்று பொதுவாக எழுதாமல், மனு எண், மனு போட்ட தேதி, இப்போது யாரிடம் நிற்கிறது என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். நிராகரித்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும், அந்த விண்ணப்பம் மேசைக்கு வந்ததுமே பல கோப்புகள் நகர்ந்துவிடும். சொத்துத் தகராறு, மாமியார் வீட்டில் வெளியேற்றுவது, விபத்து இழப்பீட்டு வழக்கு என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு இருப்பதால் பென்ஷன் வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப் போடக்கூடாது. அடி, மிரட்டல் என்று போனால் பெண்களுக்கான உதவி எண் 181.

பென்ஷன் ஆணையை மூன்று நகல் எடுத்து, ஒன்றை லேமினேட் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறி வேறு தாலுகாவுக்குப் போனால் அந்த ஆணையோடு பழைய அலுவலகத்தில் மாறுதல் மனு கொடுக்க வேண்டும். சொல்லாமல் போய்விட்டால், களவிசாரணைக்கு வருபவர் "முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார், அடுத்த மாதப் பணம் நிற்கும்.