வெள்ளவத்தை பல்கனியில் மலைநாட்டு ஜெரேனியம்

நுவரெலியாவில் மாமி லீக்ஸும் கோவாவும் போட்டிருக்கும் காணியின் வரம்போரத்தில் ஒரு செடி தரையோடு படர்ந்து கிடக்கும். ஐந்து பிரிவாக வெட்டுப்பட்ட இலை, சுண்டுவிரல் நக அளவில் வெளிர் ரோஸ் பூ, இதழ்களில் ஊதா நரம்பு. மாமிக்கு அது பிடுங்கி எறியும் களை. எனக்கோ அது ஜெரேனியம் நேபாளென்சே, இமயமலையிலும் நீலகிரியிலும் நம் மலைநாட்டிலும் தானாக வளரும் காட்டுப்பூ. பூக்கன்றுக் கடையில் ஜெரேனியம் என்று கேட்டால் தரும் சிவப்புப் பூச்செடி பெலார்கோனியம். அதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார், 1789இல் லெரித்தியே என்ற இன்னொரு தாவரவியலாளர் பிரித்தார். பூவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஜெரேனியத்தின் ஐந்து இதழும் ஒரே மாதிரி. மற்றதில் மேல் இரண்டும் கீழ் மூன்றும் வேறு வேறு.

இந்தக் களையைக் கொழும்பில் பூக்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு, இங்கே 27க்கு மேல்.

விதை எடுப்பதே தனி வேலை. இதழ் கொட்டியதும் பூவின் நடுவிலிருந்து கொக்கின் அலகு போல ஒரு கூர் நீளும். அதன் அடியில் ஐந்து சிறு அறைகள், அறைக்கு ஒரு விதை. ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு நார் அலகின் நுனிவரை ஒட்டியிருக்கும். காய் உலர உலர அந்த நார் இறுகி, ஒரு கட்டத்தில் அடிப்பக்கம் விடுபட்டு, மேல்நோக்கிச் சுருண்டு விதையை வீசிவிடும். வீசிய பிறகு புல்லுக்குள் தேடுவது வீண். அதனால் அலகு பழுப்பேறத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பை கட்டினோம். அதன்பின் மாமியே தினமும் போய்ப் பார்த்து, "பிள்ளை, இண்டைக்கு ரெண்டு வெடிச்சிட்டுது" என்று போன் எடுப்பார்.

விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. சாண்ட் பேப்பரில் லேசாக உரசி ஓர் இரவு ஊறவிட்டேன். பருத்தவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை மறுபடி உரசினேன். கொழும்பில் இரவு கொஞ்சமாவது குளிரும் டிசம்பரில், யோகட் கப்பில் தும்புத்தூள், கூட்டெரு, ஆற்றுமணல் கலந்து விதைத்தாயிற்று. முதலில் வந்தவை சிறுநீரக வடிவில் இரண்டிரண்டு வித்திலைகள். அப்புறம்தான் வெட்டுள்ள இலை.

சாடிக்குப் பதிலாக அடியில் துளை போட்ட மண் தயிர்ச்சட்டியை எடுத்தேன். சட்டி ஈரத்தைக் கசியவிடுவதால் வேருக்குச் சூடு ஏறுவது குறைகிறது. பிளாஸ்டிக்கில் வைத்த கன்றுகள் நிலைக்கவில்லை. கடல் பக்கத்து உப்புக்காற்றும் ஆகாது. கிழக்குப் பல்கனியில் ஒன்பது மணிவரை வெயில், பிறகு நிழல். நண்பகலில் மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவளும். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, வேர் அழுகிவிடும். மாலையில் தானாக நிமிர்ந்துவிடுகிறது.

பெப்ரவரியில் பூத்தது! மாமி காணியில் பூப்பதைவிடச் சிறியது, நிறமும் மங்கல். ஆனாலும் ஐந்து இதழ், ஊதா நரம்பு, எல்லாம் சரியாக இருந்தன. ஏப்ரல் வெயிலில் இலைகள் சிவந்து, ஒவ்வொரு செடியாகப் போயின. அதற்குள் காய் கட்டிவிட்டது.

லண்டனில் இருக்கும் தங்கச்சி ரோசான் என்ற தன் ஜெரேனியம் செடியின் படங்களை அனுப்பி ஆசை காட்டுகிறாள். நீலப் பூ, வெள்ளை நடு, ஜூனிலிருந்து உறைபனி விழும்வரை ஓயாத பூப்பு. அதுவும் இரண்டு இமயமலை இனங்களின் கலப்புத்தான். 2013இல் லண்டன் செல்சி மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகத் தேர்வானது. ஆனால் அது மலடு, விதை கட்டாது. வேர்க்கட்டையைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். குளிர்கால ஓய்வு கேட்கும் அந்த மாதிரிப் பல்லாண்டுச் செடியைக் கொழும்பில் வைத்து வதைக்க எனக்கு மனமில்லை. விதையிலிருந்து விதைவரை ஒரே குளிர்காலத்தில் முடித்துக்கொள்ளும் நம் மலைநாட்டுப் பூதான் இந்த ஊருக்கு வழி என்று நினைக்கிறேன்.

பல்கனியில் எடுத்த விதைகள் காகித உறையில் இருக்கின்றன. இந்த முறை நவம்பர் மழை விட்டதுமே போடுவேன், மாமி அனுப்பிய விதைகளைப் பக்கத்துச் சட்டியில்.