புரொஜெக்ட் முடிந்தது, அப்புறம் வேலை தேடிய கதை

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது எங்கள் திட்டமும் அதோடு நின்றது. இலங்கையின் வடக்கில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் பெண்கள் சங்கங்களோடு வாழ்வாதார வேலை செய்த கள உத்தியோகத்தர் நான். புரொஜெக்ட் வேலைக்கு முடிவுத் திகதி ஒப்பந்தத்திலேயே இருக்கும், அதற்கு நாங்கள் பழகியவர்கள்தான், ஆனால் வழக்கமாக ஒரு திட்டம் முடிய இன்னொன்று தொடங்கும். இந்த முறை கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் ஒரே நேரத்தில் சீவியை (சுயவிவரக் கோவையை) தூக்கிக்கொண்டு வேலை தேடித் திரிந்தோம்.

வீட்டில் சொன்னது, "ஆரையாவது பிடி." கனடாவில் இருக்கிற மாமாவும் அதைத்தான் சொன்னார். பிடிக்க ஆள் இருந்தால் பிடித்திருப்பேனே! சொந்தக்காரர் அக்கறையில் குறை இல்லை, ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வேலை எல்லாம் எனக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் சொல்கிறது: நெருங்கியவர்கள் நம்முடைய வட்டத்துக்குள்ளேயே இருப்பதால் புதுத் தகவல் கொஞ்சம் தள்ளிப் பழகியவர்களிடமிருந்துதான் அதிகம் வரும். என் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

முதலில் செய்தது, என்னோடு சேர்ந்து வேலை இழந்தவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தது. எல்லோரும் போட்டியாளர்கள்தானே, வேலை விளம்பரத்தை ஏன் காட்டிக்கொடுப்பான் என்று ஒரு அண்ணா கேட்டார். கணக்காளர் வேலை எனக்கு எதற்கு, என்னிடம் இருந்தால் வீணாகத்தானே போகும்? நான் கணக்கு, சாரதி, தரவு சேகரிப்பு வேலைகளை அனுப்பினேன், அவர்கள் கள வேலைகளை எனக்கு அனுப்பினார்கள். ஒரே பதவிக்கு இரண்டு பேர் விண்ணப்பித்ததும் உண்டு. அப்போது நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று முதலில் போனவர் வந்து சொன்னார். அந்தக் குணம் எல்லோருக்கும் வராது, அவரை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்தது, வேலையில் பழகியவர்களைத் திரும்பத் தொடர்புகொண்டது. பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், எங்கள் சங்கத்து அக்காமாரிடம் கச்சான் (நிலக்கடலை) வாங்க வரும் கம்பனியின் கொள்முதல்காரர். இவர்களிடம் "வேலை இருக்கா" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும், பிறகு வழியில் கண்டாலும் இரண்டு பேருக்கும் சங்கடம். அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். கச்சான் வாங்கும்போது ஈரம் கூடினால் என்ன செய்வீர்கள், விலை பேசியபிறகு விவசாயி வேறு ஆளுக்கு விற்றுவிட்டால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று. ஆட்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கதைக்க ஆசைப்படுவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

கொழும்பு ஆட்கள் எழுதுகிறமாதிரி "ஒரு கோப்பி குடிக்கலாமா" என்பதெல்லாம் இங்கே ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது. பரந்தன் சந்தியில் ஒரு கடையில் இருந்தால் வீட்டுக்குச் செய்தி எனக்கு முதல் போய்விடும். அதனால் அலுவலக நேரத்தில், ஒரு அலுவலோடு போனேன். பழைய பயனாளிகளுக்கு ஏதாவது கடிதம் வேண்டியிருக்கும், அதைச் சாட்டிக் கதைத்தேன். மற்றதெல்லாம் போனில்தான். லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் என் கணக்கையும் ஒழுங்குபடுத்தினேன், ஆனால் அது கொழும்பு வேலைக்குத்தான். கிளிநொச்சியில் யாரும் அதைப் பார்த்து ஆள் எடுத்து நான் அறியவில்லை.

அந்தக் கொள்முதல்காரர்தான் பிறகு போன் எடுத்தார். விவசாயிகளை ஒருங்கிணைக்க முல்லைத்தீவுக்கு ஆள் தேடுகிறோம், விளம்பரம் இன்னும் போடவில்லை என்றார். அவர் என்னை நேரில் கண்டது மிகக் குறைவு. ஆனால் எடை போடுகிற நாளில் சங்கத்து அக்காமார் என்னிடம் சண்டை பிடித்ததையும், நான் அதைத் தீர்த்ததையும் பார்த்தவர்.

சீவியில் நம்மைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இருவரின் பெயர் போடவேண்டும் அல்லவா, பலபேர் அதில் பெரிய பதவியில் இருக்கிறவரைத் தேடிப் போடுவார்கள், அவருக்கோ இவர்கள் யாரென்றே நினைவிராது. நான் முன்னாள் மேலதிகாரியையும் கூட்டுறவுச் சங்க முகாமையாளரையும் போட்டேன். அனுமதி கேட்டதோடு விடாமல், என்ன வேலை, எதைக் கேட்பார்கள், நாங்கள் சேர்ந்து செய்ததில் எது அதற்குப் பொருந்தும் என்று சின்னக் குறிப்பும் அனுப்பினேன். கம்பனி உண்மையிலேயே முகாமையாளருக்கு அழைத்தது. அவர் அரைமணி நேரம் கதைத்தாராம்.

வேலை கிடைத்ததும் உதவிய எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னேன், குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு நிற்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அதையும் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு அது கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், ஆனால் அடுத்த கம்பனியில் போய்ப் பேசுகிறவருக்கு அந்தத் தொகை தெரிந்திருக்கவேண்டும்.