ஜெர்மனியில் வீடு தேடுகிறீர்களா? அன்மெல்டுங் உண்டா என்று முதலில் கேளுங்கள்

பெர்லினில் வீடு தேடிய நாட்களில், வாடகை பேசுவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" முகவரிப் பதிவுக்கு இங்கே அதுதான் பெயர். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பல வங்கிகளில் கணக்குத் தொடங்க முடியாது. விசா அலுவலகத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வியைக் கேட்டதுமே சிலர் பின்வாங்கினார்கள். ஓர் அறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அதை உள்வாடகைக்கு விட்டவர், "தங்கிக்கொள்ளுங்கள், பதிவு மட்டும் வேண்டாம்" என்றார். மனசே இல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். இன்னொரு விளம்பரத்தில், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வருமாம். எவ்வளவு அவசரமானாலும் வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்றிருந்தால் அது வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே. மின்சாரம் பெரும்பாலும் அதிலும் அடங்காது. முன்பணமாக மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். ஊருக்குப் புதிது என்பதால் என்னிடம் ஷூஃபா அறிக்கை (கடன், கட்டணங்களை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் தாள்) இல்லை. வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், ஜெர்மனில் ஒரு சின்ன அறிமுகக் கடிதம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, விளம்பரம் கண்ணில் பட்ட உடனே அனுப்பினேன். கடைசியில் ஒரு பகிர்வு வீட்டில் அறை கிடைத்தது, பதிவுக்கு முழுச் சம்மதத்தோடு.

பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற ஒரு பக்கத் தாள் வேண்டும், நீங்கள் குடிவந்ததை வீடு கொடுத்தவர் உறுதிசெய்யும் தாள் அது. முகவரி, குடிவந்த தேதி, குடிவந்தவர் பெயர், வீடு கொடுத்தவர் பெயர், கையெழுத்து, அவ்வளவுதான். உள்வாடகை என்றால் முதன்மை வாடகைதாரரே கையெழுத்திடலாம். சாவி வாங்கும்போதே இதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கொடுக்க மறுப்பவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பதிவு நடப்பது பியூர்கர்ஆம்ட் என்ற குடிமக்கள் சேவை அலுவலகத்தில். பெர்லினில் எந்த வட்டாரத்துப் பியூர்கர்ஆம்ட்டிலும் பதியலாம், அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு இரண்டு வாரத்துக்குள் தேதி கிடைக்கவில்லை. முன்பதிவு மின்னஞ்சலைக் கையோடு எடுத்துப்போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் மதம் என்ற கட்டத்தை யோசித்து நிரப்புங்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பர்கிலும் அது 8.

அன்றே தபால்பெட்டியில் பெயரை ஒட்டிவிடுங்கள். பதினொரு இலக்க வரி எண் தபாலில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் பதிவுச் சான்றிதழில் எந்தப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்தில் ஒட்டுங்கள். நான் அப்பா பெயரையும் சேர்த்தே ஒட்டினேன்.

சில வாரம் கழித்து ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. மோசடி என்று தூக்கிப் போடாதீர்கள், உண்மையானதுதான். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அந்தக் கட்டணத்துக்கான அவருடைய பதிவு எண்ணை எழுதி அனுப்பிவிடுங்கள்.