குழந்தையைப் பிரச்சாரத்துக்கு அழைத்துச் செல்வது கருத்துத் திணிப்பா?

சிறு குழந்தைகளைத் தேர்தல் பிரச்சாரத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் மீது ஒரே குற்றச்சாட்டுதான் திரும்பத் திரும்பச் சுமத்தப்படுகிறது: அது மூளைச்சலவை, பச்சையான கருத்துத் திணிப்பு. இந்தக் குற்றச்சாட்டுக்குள் வெவ்வேறான இரண்டு தவறுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்று நான் கருதுகிறேன். ஒன்று, குழந்தையின் சிந்தனைக்குத் தாழ்ப்பாள் போடுவது. மற்றொன்று, குழந்தையைக் காட்சிப்பொருளாக்குவது. ஊர்வலத்திலும் மேடையிலும் நம் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். முதலாவது தவறு பதாகையும் கேமராவும் இல்லாத இடத்தில், வீட்டுப் பேச்சின் நடுவே, யாரும் கவனிக்காமல் நடக்கிறது.

தந்தையின் தோளில் அமர்ந்து, வரிவிதிப்பைப் பற்றிய வாசகம் எழுதிய பதாகையைப் பிடித்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். நிருபர் ஒருவர் மைக்கை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். குழந்தை பதாகையைப் பார்ப்பதில்லை, அருகில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கிறது. அவர் மெல்ல எடுத்துக் கொடுக்க, அது திருப்பிச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் குழந்தையின் மனத்தில் வரிவிதிப்பைப் பற்றி எந்தக் கொள்கையும் பதியவில்லை. கைதட்டல் மட்டுமே பதிந்தது. ஆகவே இதைக் கருத்துத் திணிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதில் தவறில்லை என்றும் சொல்ல மாட்டேன். பெரியவர்களின் வாதத்துக்கு ஒரு பிஞ்சு முகம் கடன் வாங்கப்படுகிறது, கடன் கொடுத்தவரின் சம்மதமோ கேட்கப்படவில்லை. அந்தப் படம் இணையத்தில் தங்கிவிடும். வளர்ந்து அதற்கு நேர் எதிரான கட்சிக்கு வாக்களிக்கும் வயதிலும் அது அவரைத் தேடி வரக்கூடும்.

இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் இந்த இடத்தில்தான் கோடு போட்டது. வேட்பாளர் குழந்தையைக் கையில் ஏந்துவதும், பிரச்சார வாகனத்தில் ஏற்றிச் செல்வதும், பாட்டு, கவிதை, கோஷம், கட்சிச் சின்னம் ஆகியவற்றுக்குக் குழந்தையைப் பயன்படுத்துவதும் கூடாது என்றது. அதே சமயம், பிரச்சார வேலை எதிலும் ஈடுபடாமல் பெற்றோருடன் வந்து ஒரு தலைவரின் அருகே இருப்பது மட்டுமே விதிமீறலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. கூட இருப்பது வேறு, கருவியாக்கப்படுவது வேறு என்ற இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுக்கும் ஒரு தாயுடன் ஏழு வயது மகளும் நடக்கிறாள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர், "உங்களுக்கு ஓட்டுப் போடற எண்ணமே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். படியிறங்கும்போது மகள் கேட்கிறாள்: "அவங்க கெட்டவங்களாம்மா?" அன்றைய நாள் முழுவதிலும் கருத்துத் திணிப்பா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கணம் இதுதான். "ஆமா, அப்படிப்பட்ட ஆளுங்கதான்" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால், பிறகு எத்தனை நூல்களை வாங்கிக் கொடுத்தாலும் அந்தத் தாழ்ப்பாளைத் திறப்பது எளிதல்ல. ஏனெனில் மாற்றுக் கருத்து அங்கே தவறான கருத்தாகக்கூட நிற்கவில்லை, கெட்ட மனிதர்களின் அடையாளமாகிவிட்டது. "இல்லம்மா, அவங்களுக்கு வேற ஒரு விஷயம் முக்கியமாப் படுது, அது என்னன்னா..." என்று தொடங்கி, எதிர்த்தரப்பினர் தாமே சொல்வது போல அவர்களுடைய நியாயத்தை எடுத்துச் சொன்னால், அந்த மூடிய கதவு அவளுக்கு ஒரு நல்ல பாடமாகவே அமைகிறது. இந்த இரண்டாவது பதிலைச் சொல்வது எளிதல்ல; களைப்போடும் அவமான உணர்வோடும் படியிறங்கும் வேளையில் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

குழந்தையை அரசியலே தீண்டாமல் வளர்க்கலாம் என்போரிடம் எனக்கு உடன்பாடில்லை. நம்பிக்கை, வழிபாடு, பணத்தைப் பற்றிய எண்ணம் என்று எல்லாவற்றையும் பெற்றோர் கைமாற்றித்தான் தருகிறார்கள். எலியாஸ் டினாஸ் என்ற அரசியல் அறிவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. அரசியல் ஈடுபாடு மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் இளமையில் பெற்றோரின் சார்பை ஏற்பது அதிகம் என்றாலும், பெரியவர்களாகி வெளியுலகின் புதிய கருத்துகளைச் சந்திக்கும்போது அதைக் கைவிடும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம் என்று அவர் காட்டினார். அரசியல் பேசிப் பழகிய பிள்ளை வெளியிலும் பேசுகிறது, பேசுகிற இடத்தில் மாறவும் செய்கிறது. அரசியலைக் காதில் போடாமல் வளர்ப்பதுதான் குழந்தையின் சுதந்திரத்துக்குக் காவல் என்ற எண்ணத்தை இது நன்றாகவே அசைக்கிறது.

1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நிறவெறிப் பிரிவினைக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் மீது நாய்களும் தண்ணீர்க் குழாய்களும் ஏவப்பட்டன. பிள்ளைகளை முன்னே நிறுத்தியதை அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியும் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் கண்டித்தார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆயினும் அந்தப் பிள்ளைகள் எவரும் எடுத்துக் கொடுத்த வாசகத்தை ஒப்பிக்கவில்லை; தாங்கள் நுழையக் கூடாத பூங்காவையும் உட்காரக் கூடாத இருக்கையையும் அவர்கள் அன்றாடம் கண்டிருந்தார்கள். பிரச்சினை குழந்தையுடையதாகவே இருக்கும்போது அதன் குரலைத் திணிப்பு என்று ஒதுக்குவது பெரியவர்களுக்கு வசதியான வழி மட்டுமே. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தந்து, அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்கிறது.

எனவே என் நிலைப்பாடு இது. வர விரும்பும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். கால் வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்றால் காரணம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது, மார்பில் சின்னத்தைக் குத்தக் கூடாது, படத்தை இணையத்தில் ஏற்றக் கூடாது. எதிர்க்கட்சியினர் துண்டறிக்கையை நீட்டினால் அதையும் வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.